தெருக்குத்து வீட்டு வெக்கை

நம் ஊரில் வெயில் நூறைத் தொட்டுவிட்டால் போதும், சதம் அடித்தது என்று பேப்பரில் முதல் பக்கத்தில் போட்டு, முச்சந்தியில் மோர்ப்பந்தல் திறந்து, மோர் ஊற்றுகிறவரைவிட போட்டோவுக்கு நிற்கிறவர்கள் அதிகமாகி ஒரே அமர்க்களம் பண்ணிவிடுவார்கள். ஆனால் அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், கள்ளியைத் தவிர வேறொன்றும் தானாக முளைக்கத் துணியாத அந்தப் பாலைவனத்தில், நூறு என்பது காலையில் பல் தேய்க்கும்போதே அடித்துவிடுகிற வெயில், அதற்கு எவரும் மோர் ஊற்றமாட்டார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் காடை மேடு என்று பொருள்படும் பெயரை வைத்து, காடையும் இல்லாத மேடும் இல்லாத வெட்டவெளியில் ஒரு கம்பெனிக்காரன் வரிசையாக வீடு கட்டி விற்றான். ஒருத்தர் வாங்கினார், அவர் சொல்லி அவருடைய ஆபீஸ்காரர் வாங்கினார், அவர் சொல்லி அவருடைய மச்சினன் வாங்கினான், கடைசியில் பார்த்தால் தெரு முழுக்க நம் ஆட்கள். கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும் என்று ஊரிலிருந்த வாஸ்துக்காரரை வீடியோவில் வரவழைத்து மூலை மூலையாகக் காட்டி வாங்கினார்கள். எதிர்ச்சாரி வீடுகள் மேற்குப் பார்த்திருந்ததால் அவற்றை வாங்கியவர்கள் கொல்லைக் கதவை வாசல் என்று வைத்துக்கொண்டு, குப்பைத் தொட்டியைத் தாண்டி லட்சுமி வருவாள் என்று அங்கே மாக்கோலம் போட்டார்கள்.

தெரு நேராக ஓடிப்போய்க் குறுக்குச் சாலையில் முட்டுகிற இடத்தில், அத்தனை வீட்டையும் பார்த்தபடி, கம்பெனிக்காரன் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே யாரோ கட்டிவைத்த ஒரு பழைய வீடு இருந்தது. தெரு இப்படி வந்து ஒரு வாசலில் குத்தினால் அதற்குத் தெருக்குத்து என்று பெயர், தெருவில் திரிகிற கண்ணேறு, பீடை, காத்துக் கருப்பு எல்லாம் நேராக அந்த வீட்டுக்குள்தான் போய் இறங்கும் என்று, கம்ப்யூட்டரில் பட்டம் மேல் பட்டம் வாங்கின அந்தத் தெருக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அதனால் அதை ஒருத்தரும் வாங்கவில்லை. நகரத்து உணவகம் ஒன்றில் பரோட்டா மாஸ்டராக இருந்த கோவில்பட்டிக்காரன் பூல்பாண்டி அதை வாடகைக்கு எடுத்து, வயிற்றில் ஆறு மாசத்தோடு இருந்த பெண்டாட்டி செண்பகவல்லியைக் குடிவைத்தான். ஏசி கிடையாது. கூரைமேல் தண்ணீர் ஊற்றினால் ஈரக்காற்று அனுப்புகிற பழைய கூலர் ஒன்று மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும், அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இனி தலைவருக்கு வருவோம். அறவாழி, அந்த வட்டாரத் தமிழ் மன்றத்தின் தலைவர், கோயம்புத்தூர்க்காரர். ஐந்து நிலத்தில் நமக்கு வாய்த்தது பாலை என்று வருஷா வருஷம் பொங்கல் விழாவில் முக்கால் மணி நேரம் பேசுவார், கேட்கிறவர்கள் குளிர் தாங்காமல் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்பார்கள், அவ்வளவு ஏசி. அவர்தான் அந்த வருஷம் மே மாசத்தில் தெருவிலேயே முதல் ஆளாக ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கினார். ஏசிக்கு எப்போது ஓட வேண்டும், எப்போது ஓயவேண்டும் என்று சுவரில் உட்கார்ந்தபடியே உத்தரவு போடுகிற, வட்ட முகம் வைத்த கண்ணாடிக் கருவி. ஆளில்லாதபோது தானே தணிந்துகொள்ளும், ஆபீசிலிருந்தே போனில் அதட்டலாம், வீட்டில் வேறு யாரும் அப்படிச் சொன்னபடி கேட்காததால் அறவாழிக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

காரேஜில் மின்சாரத்தை நிறுத்தினார், சுவரிலிருந்த பழைய பெட்டியைக் கழற்றினார், உள்ளே சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, நீலம் என்று கோயில் கயிறு மாதிரி வயர்கள் எட்டிப் பார்த்தன. எந்த வயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன்னால் தெரு வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பினார். பிறகு எழுத்துகளைக் கம்பெனியின் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். உங்கள் வீட்டுக்கு இது ஒத்துவரும் என்று பச்சை டிக் வந்தது. குழுவில் இருபது பேர் கை தட்டினார்கள், கல்யாணப் பொருத்தம் கூடிவந்த மாதிரி ஒருவர் வாழ்த்துகள் என்றே போட்டுவிட்டார்.

"ஏனுங்க, ராகு காலம் முடியட்டுமுங்க," என்றாள் மனைவி சுகன்யா. "கார் எடுத்தப்பவும் இப்படித்தான் அவசரப்பட்டீங்க. மூணாம் நாளே குப்பைத் தொட்டில கொண்டுபோய் இடிச்சீங்க."

"அது ரிவர்ஸ்ல இடிச்சது, சுகன்யா."

"ராகு காலத்துல எடுத்த காரு ரிவர்ஸ்லதான் போகும்."

ராகு காலம் முடிந்தது. வயர்களை அந்தந்த ஓட்டையில் செருகி, முகத்தை அழுத்தி மாட்டி, மின்சாரத்தைத் திறந்ததும் கருவி நீலமாக விழித்துப் பார்த்தது. சுகன்யா அதன் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டி, இந்தியக் கடையில் வாங்கின பூசணிக்காயை அதற்கு முன்னால் மூன்று சுற்று சுற்றி, கண்ணும் நாவூறும் பீடையும் வெக்கையும் இந்த வீட்டை விட்டு முச்சந்திக்குப் போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். அறவாழி அதைத் தூக்கிக்கொண்டு தெருவின் கோடிக்கு நடந்தார். சுற்றிப்போட்டதை முச்சந்தியில் உடைப்பதுதான் வழக்கம். தெருவை அசுத்தம் செய்தால் குடியிருப்புச் சங்கம் அபராதம் போடும் என்பதால், சில்லுகள் எல்லாம் செண்பகவல்லி வீட்டுச் சரளைக்கல் பக்கமாகப் போய் விழும்படி கவனமாக உடைத்தார். திரும்பி வந்து, எழுபத்திரண்டு என்று கருவியைத் திருப்பினார்.

வெக்கை கிளம்பிவிட்டது. முதலில் சோபாவிலிருந்து எழுந்தது, பிறகு மாடி அறைகளிலிருந்து படி படியாக இறங்கியது, எல்லாம் ஹாலில் ஒன்றுகூடி ஆளைவிடப் பெரிதாக, தார் ரோட்டுக் கானல் போல நெளிந்துகொண்டு, பந்தியில் மூன்றாம் தரம் பாயசம் வாங்கிக் குடித்த பெரியப்பா போல மூச்சு வாங்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தது. கதவு சாத்தியிருந்ததால் சற்று நின்றது. அறவாழி மரியாதையாகத் திறந்துவிட்டார்.

எதிர் வீட்டு காயத்ரி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க அது, உங்க வீட்டிலிருந்து போகுது?"

"வெக்கைங்க. புது தெர்மோஸ்டாட் மாட்டினோம்ல."

"எங்க போகுது?"

"முச்சந்திக்கு."

"ஓ," என்று சொல்லிவிட்டு காயத்ரி குழாயை மூடி, உள்ளே போய் அதே தெர்மோஸ்டாட்டைப் போனில் தேட ஆரம்பித்தாள்.

முச்சந்தியில் அது என்ன செய்யும், அங்கே உட்கார ஒரு கல் கூடக் கிடையாது. நேரே இருந்த வாசலில் போய் மணியடித்தது. பார்சல்காரன் என்று நினைத்துச் செண்பகவல்லி கதவைத் திறந்தாள், அது அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், வீட்டிலிருந்த ஒரே சோபாவில் முழுசாக உட்கார்ந்துவிட்டது. அவள் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, வீட்டுக்குள்ள ஒண்ணு வந்து உக்காந்திருக்கு."

"யாரு?"

"வெக்கை."

"யார் வீட்டுது?"

"தலைவர் வீட்டுதா இருக்கும். பில்டர் காபி வாடை அடிக்கு."

அடுப்பில் பரோட்டாவைத் திருப்பிப் போடுகிற சத்தம் கேட்டது. "சரி, வந்தது வந்திருச்சு. தண்ணி குடு," என்றான் பூல்பாண்டி. கொடுத்தாள். குடித்தது. கூலரில் இருந்த தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிட்டு, ஏப்பம் கூட விடாமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு வீட்டு வெக்கை என்றால் எப்படியோ ஒதுங்கிப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் தெரு சும்மா இருக்குமா? தலைவர் வீட்டில் ஆனி மாசத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஜ்ஜி சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு மூக்கில் வேர்த்தது. எல்லோரும் வாங்கினார்கள். எல்லோருக்கும் பச்சை டிக் வந்தது, எல்லோரும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், எல்லோரும் பூசணிக்காய் சுற்றினார்கள், இந்தியக் கடைக்காரன் சாம்பாருக்குக் கூட ஒரு பத்தை இல்லை என்று கையை விரித்துவிட்டான். சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு கதவு திறந்து ஒவ்வொரு வெக்கையாக இறங்கி, ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டு, நடைபாதையில் ஓரமாக நடந்து தெருக்குத்து வீட்டுக்குப் போகும். வாக்கிங் போகிறவர்கள் ஒதுங்கி நின்று, அவை கடந்த பிறகு நடப்பார்கள். ஒன்று சாம்பிராணி வாடையோடு போகும், ஒன்று கருவாட்டு வாடையோடு போகும், அந்த வீட்டுக்காரர்கள் நாங்கள் சைவம் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அதைப் பற்றி மட்டும் நாலு நாள் பேசினார்கள்.

மற்றபடி யாருக்கும் இது ஒரு அதிசயமாகவே படவில்லை. வெக்கை என்றால் எங்கேயாவது போகத்தானே வேண்டும், தெருக்குத்து வீடு என்றால் எதுவாவது வந்து இறங்கத்தானே வேண்டும், இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம் இருந்தது. எங்கள் வீடு எழுபது என்று ஒருத்தி சொல்ல, நாங்கள் அறுபத்தெட்டுதான் வைத்திருக்கிறோம் என்று இன்னொருத்தி சொல்ல, எங்கள் பையனுக்கு அறுபத்தைந்துக்கு மேலே போனால் படிப்பு ஏறமாட்டேன் என்கிறது என்று மூன்றாமவள் பெருமூச்சு விட, வெளியே காக்கை கூட மூச்சுத் திணறுகிற நூற்றுப் பதினெட்டில் அந்தத் தெரு மக்கள் உள்ளே குல்லாய் போட்டுக்கொண்டு, ரஜாய்க்குள் புகுந்து, இஞ்சி டீ குடித்துக்கொண்டு, குளிர் தாங்கலை என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். ஊரில் இருந்தவர்கள் நம்பி, பத்திரமாக இருங்கள் என்றார்கள்.

காயத்ரிதான் அடுத்ததைக் கண்டுபிடித்தாள். ஒரு நாள் செண்பகவல்லி வீட்டு வாசலைக் கடக்கும்போது உள்ளேயிருந்து அடித்த அனலில் அவள் கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டு மொரமொரவென்று காய்ந்துவிட்டது. உடனே ஒரு தாம்பாளம் நிறைய ஜவ்வரிசி வடாம் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்து, "செண்பா, உங்க வீட்டு ஹால்ல கொஞ்சம் வெச்சுக்கட்டுமா, அரை மணி நேரம்," என்றாள். அரை மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி காய்ந்துவிட்டது. மறுநாள் எல்லா வீட்டு வடாமும் வந்தது, அப்புறம் மோர்மிளகாய் வந்தது, நார்த்தங்காய் வந்தது, துவைத்த போர்வை வந்தது. வேர்த்து ஊற்ற ஊற்ற, முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி. எங்கள் தெருவுக்கு மொட்டை மாடி இல்லாத குறை தீர்ந்தது என்று குழுவில் ஒருவர் எழுதினார்.

அவளுக்கு மாசம் ஏற ஏற மூச்சு வாங்கியது. பூல்பாண்டி அடுப்படி வெக்கையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் அடுப்படியே தேவலை என்று இருந்தது. வேறு வீடு போகலாம் என்றால் வாடகை ஒப்பந்தம் தை மாசத்தில்தான் முடிகிறது. வாசற்படியில் ஈரத்துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு அவள் புருஷனைக் கேட்டாள்:

"நான் எப்படியும் கெடந்துருவேன். பச்சப்புள்ளைய இந்த வீட்டுக்குள்ள எங்க போடுவேன், சொல்லுங்க. பாலே திரிஞ்சு போகுது, புள்ள தாங்குமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இனி பொறுப்பதில்லை, தலைவரிடமே கேட்டுவிடுவோம் என்று போனாள்.

அறவாழி கெட்டவர் இல்லை, கெட்டவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் ரொம்பக் கவனமானவர். "அட, இதுக்கேன் அழுகறீங்க அம்மணி? உங்க வீட்டுக்கும் ஒண்ணு மாட்டிட்டா முடிஞ்சுது," என்று ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பி வந்தார். அப்படி மாட்டினால் அத்தனை வெக்கையும் பிறகு எங்கே போகும் என்று அவர் யோசிக்கவில்லை. சுவரிலிருந்த கூலர் சுவிட்சைக் கழற்றினார், உள்ளே விரல் தடிமனில் இரண்டே இரண்டு வயர் இருந்தது, போட்டோ எடுத்துக் குழுவுக்கும் கம்பெனிக்கும் அனுப்பினார், ஒத்துவராது என்று சிவப்பில் பெருக்கல் குறி வந்தது. வயரை மாற்றவோ சுவரைத் தொடவோ கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரனும் போனில் சொல்லிவிட்டான். அறவாழி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"நான் முயற்சி பண்ணிட்டேனுங்க. உங்க வீடுதான் ஒத்துவரலை."

அன்றிலிருந்து பேச்சே மாறிவிட்டது. பாவம் அவள் வீட்டில் வெக்கை என்றவர்கள், பாவம் அவள் வீடு ஒத்துவரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அவள் விடவில்லை. மன்றக் கூட்டத்துக்கே வந்து, அறவாழி வீட்டு ஹாலில், குல்லாயும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் நின்று பேசினாள். "அண்ணாச்சி, அக்காமாரே, எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு நான் சொல்லல. புள்ள பெறந்து வீட்டுக்கு வார வரைக்கும் ஆளுக்கு ஒரு அஞ்சு டிகிரி ஏத்தி வைங்க. அவுகவுக வெக்கைல கொஞ்சம் அவுகவுக வீட்டுலயே இருக்கட்டும். அது போதும்."

ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது என்றார். இன்னொருவர் அஞ்சு டிகிரியால் பெரிய வித்தியாசம் வராது, அதனால் ஏற்ற வேண்டியதில்லை என்றார். மற்றவர்கள் ஏற்றினால் நானும் ஏற்றத் தயார் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அதையே சொல்லி, யார் முதலில் என்று கேட்காமல் விட்டுவிட்டார்கள். கடைசியில் அவளுடைய பொறுமையைப் பாராட்டி ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அறவாழி எழுந்து, பாலைத் தாய் என்ற பட்டத்தை அவளுக்கு வழங்குவதாக அறிவித்து, ஜரிகை போட்ட கனத்த பொன்னாடை ஒன்றை அவள் தோளில் போர்த்தினார். அந்தப் போர்வையோடு அவள் நூற்றுப் பதினேழு டிகிரியில் வீட்டுக்கு நடந்து போனாள்.

ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே, சுகன்யாவுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தாள். டிகிரியை ஏற்றுவதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று எல்லா வீட்டுப் பெண்களையும் கேட்டாள், ஒன்பதாம் மாசம் பிறந்துவிட்டது, வளைகாப்பு செய்வோம் என்று முடிவாயிற்று. தெருவே திரண்டு செய்தது. அறவாழி வீட்டு ஹாலில் மணை போட்டு அவளை உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையும் கொள்ளாமல் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று சாதம் வகை வகையாக இருந்தது, அத்தனையையும் விடியவிடியச் சமைத்தது பூல்பாண்டிதான், வெளியே சொன்னால் அந்த ருசி வராது என்று அவனிடமே சொல்லிவிட்டார்கள். ஆரத்தி சுற்றினார்கள், சுற்றின தண்ணீரை வழக்கப்படி முச்சந்தியில் அவள் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் ஊற்றினார்கள்.

பிறகு அறவாழி மைக்கைப் பிடித்தார். "வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். இந்தத் தங்கைக்குத் தாய்வீடு கடல் தாண்டி இருக்கிறது. கவலை வேண்டாம், இந்தத் தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீடும் அவளுக்குத் தாய்வீடுதான்!" ஹால் கைதட்டலில் அதிர்ந்தது, சுகன்யா அழுதே விட்டாள்.

செண்பகவல்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஏங்க, என் பொட்டிய எடுத்துட்டு வாங்க. வீட்டப் பூட்டிருங்க."

"எதுக்கு?"

"அம்மா வீட்டுக்கு வந்துட்டேன்லா."

எல்லோரும் சிரித்தார்கள், அறவாழியும் சிரித்தார். பேச்சுக்குச் சொன்னது, விளையாடுகிறாள் என்று நினைத்தார். ஆனால் பூல்பாண்டி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனான். அறவாழி புளியோதரையில் கடலையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் சக்கரப்பெட்டியைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு தெருவில் வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் அதுவும் வந்தது. கோடை முழுக்கத் தண்ணீர் கொடுத்த பெண்ணைக் காணோம், வீட்டையும் பூட்டுகிறார்கள் என்றால் அதுதான் என்ன செய்யும்? தெருவில் உள்ள அத்தனை வீட்டு வெக்கையும் ஒரே உருப்படியாகச் சேர்ந்து, வீதி அகலத்துக்கு நெளிந்துகொண்டு, பெட்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து வாசலில் நின்று மணியடித்தது.

ஹாலில் தட்டு வைத்திருந்த கைகள் அப்படியே நின்றன. "யாரும் திறக்காதீங்க," என்றார் அறவாழி. ஓடிப்போய்க் கருவியை அறுபதுக்குத் திருப்பினார், அது நீலமாக விழித்து என்ன செய்வதென்று தெரியாமல் முனகியது. அவர் மணைக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"அம்மணி, கொஞ்சம் உங்க வீட்டுக்கே போய் இருந்தீங்கன்னா... சாயங்காலமா பேசிக்கலாம்."

"வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு வந்தவ, புள்ள பெறாம புருசன் வீட்டுக்குத் திரும்பலாமா அக்கா? நீங்களே சொல்லுங்க," என்று செண்பகவல்லி சுகன்யாவைக் கேட்டாள்.

சுகன்யா சாஸ்திரம் என்றால் யோசிக்காமல் பதில் சொல்லிப் பழகியவள். "கூடவே கூடாது," என்று சொன்ன பிறகுதான் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

செண்பகவல்லி வளையல்கள் குலுங்க மெல்ல எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். பூல்பாண்டி பெட்டியோடு ஒதுங்கி நின்றான், வெக்கை நுழைந்தது. பட்டுப்புடவைகள் மேலோடு ஒட்டிக்கொண்டன, தயிர்சாதம் புளித்துப் பொங்கியது, கருவியில் எண் எழுபது, தொண்ணூறு, நூறு என்று ஓடி, நெற்றியிலிருந்த சந்தனம் வழிந்து கண்ணை மூடிக்கொண்டது. குல்லாய்களைக் கழற்றி எறிந்தார்கள். உள்ளே வந்ததும் அது பிரிந்தது, ஒவ்வொரு வீட்டு வெக்கையும் கூட்டத்தில் தேடித் தேடித் தன் ஆளைக் கண்டுபிடித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது எங்களுது இல்ல," என்றாள் காயத்ரி, சாம்பிராணி வாடையை உதறிக்கொண்டு.

"சத்தியமா எங்களுது இல்லைங்க," என்றார் சைவக்காரர், கருவாட்டு வாடைக்கு நடுவில். ஆளுக்கு ஆள் பக்கத்து ஆளைக் காட்டினார்கள். இவ்வளவு நாளும் இன்னொருத்தி தலையில் கட்டின பொருள் தன் மடியிலேயே வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் தாங்கும்.

செண்பகவல்லி மணையில் மறுபடி உட்கார்ந்து, கால் நீட்டிக்கொண்டாள். "யாருதா இருந்தா என்ன அக்கா, எல்லாம் ஒண்ணாவே இருக்கட்டும். ஒரே அம்மா வீட்டுல எத்தன நாளைக்கு இருக்கது? இங்க ரெண்டு நாள், அடுத்த வீட்டுல ரெண்டு நாள், அப்புறம் எதிர் வீடுன்னு வரிசையா வாரேன். நான் எங்க இருந்தாலும் இதுவும் என்கூட வந்திரும், இதுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

ஹாலே கணக்குப் போட்டது. தன்னுடையதைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு வீட்டு வெக்கைதான். இவள் வந்து இறங்கினால் தெருவே வந்து இறங்கும். முதலில் காயத்ரி எழுந்தாள், யார் முகத்தையும் பார்க்காமல் சாம்பிராணி வாடையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். அவளைப் பார்த்து அடுத்தவள் எழுந்தாள். பிறகு சைவக்காரர், பிறகு நாய்க்காரர், பிறகு மற்றவர்கள் ஏற்றினால் நானும் ஏற்றுவேன் என்றவர், என்று ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் வெக்கையைக் கூட்டிக்கொண்டு, வாய் பேசாமல், தெருவில் பிரிந்து தங்கள் தங்கள் வாசலில் நுழைந்தார்கள். வீட்டுக்கு வீடு கருவியை எண்பதுக்கு ஏற்றுகிற சத்தம் கேட்டது.

கடைசியில் ஹாலில் செண்பகவல்லியையும் பூல்பாண்டியையும் தவிர, தலைவரும் சுகன்யாவும் பில்டர் காபி வாடையும் மட்டும் மிஞ்சினார்கள். தெருவிலேயே பெரிய வீடு, அதனால் அந்த வெக்கைதான் எல்லாவற்றிலும் பெரியது. சுகன்யா முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னாள்: "இவளே, சாஸ்திரத்துல எல்லாத்துக்கும் ஒரு பரிகாரம் இருக்கு. தாய்வீட்டு வாசப்படி மிதிச்சு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத் திரும்பினாலும் போய்ட்டு வந்த கணக்குத்தான்." எந்த சாஸ்திரம் என்று செண்பகவல்லி கேட்கவில்லை. சுகன்யா ஓடிப்போய்க் கொண்டுவந்த தம்ளரை வாங்கி நிதானமாகக் குடித்தாள், பூல்பாண்டி பெட்டியைத் திருப்பிக்கொண்டான், இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். சோபாவிலிருந்த வெக்கை பழக்கதோஷத்தில் எழுந்து அவள் பின்னாலேயே வந்தது. அறவாழி மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவை அகலமாகத் திறந்துவிட்டார்.

அவள் படியில் நின்று திரும்பினாள். "நீ எங்க வாரே?" என்றாள் அதைப் பார்த்து. "உன் வீடு இதுல்லா? உள்ள போ. போய் அண்ணாச்சி பக்கத்துல இரு." அது ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. அவளே வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள்.

தெருக்குத்து வீட்டில் ஜன்னலை எல்லாம் திறந்து போட்டு, யார் யாருடையதோ காய்ந்த வடாம் தட்டுகளைத் தூக்கி வாசலில் வைத்தான் பூல்பாண்டி. கூரைமேல் ஏறிக் கூலரில் தண்ணீர் ஊற்றினான். கடகடவென்று ஓடத் தொடங்கியது. செண்பகவல்லி காற்று வருகிற இடத்தில் நின்று, பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, பிறகு சுவரோரமாக நின்று பார்த்துவிட்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏங்க, தொட்டில இங்க கட்டலாம்."